எழுந்திருக்க முடியாத சோபா

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் விமான நிலைய லவுஞ்ச்களை, அதாவது பயணிகள் காத்திருக்கும் சொகுசுக் கூடங்களை, தரம் பார்த்து எழுதியிருந்த கட்டுரையை ரசித்துப் படித்தேன். சோபாவின் மெத்தென்ற சுகத்துக்கே கட்டுரையாளர் அரைப் பத்தி ஒதுக்கியிருந்தார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப்பட்ட சோபா ஒன்றில் ஒன்றரை மணி நேரம் சிறைப்பட்டுக் கிடந்தவன் நான்.

எனக்குச் சிறுவயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. இடது காலில் காலிப்பர் என்கிற தாங்குகருவி, வலது கையில் ஊன்றுகோல். வீட்டுக்குள்ளும் தெருவிலும் சமாளித்துவிடுவேன். விமான நிலையத்து நடைதான் ஆளைச் சாய்த்துவிடும் என்பதால் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பே பதிவு செய்துவிடுவது வழக்கம். அன்று அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரம் இருந்தது. உதவியாளர் நல்ல பிள்ளை. என்னை லவுஞ்சுக்குள் தள்ளிவந்து, ஜன்னலோரமாக இடம் பார்த்து, கையைப் பிடித்து சோபாவில் இறக்கினார். விமானம் ஏறும் நேரத்துக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்காலியோடு போய்விட்டார். அது இன்னொருவருக்கு வேண்டியிருக்கும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சோபா என் முழங்காலைவிடத் தாழ்வு. உட்கார்ந்ததும் இடுப்பு பள்ளத்துக்குள் போய்விட்டது. கைப்பிடி இருக்கவேண்டிய இடத்தில் தலையணை மாதிரி ஒரு உருண்டை; ஊன்றி எழலாம் என்றால் கை அதற்குள் புதைகிறது. காலிப்பரைப் பூட்டினால்தான் என் இடது கால் எடை தாங்கும். பூட்டுவதற்குக் காலை நேராக நீட்ட வேண்டும். நீட்ட விடாமல் எதிரே ஒரு கண்ணாடி மேஜை. கழிப்பறையின் பலகை கண்ணெதிரே, நாற்பதடி தூரத்தில். நேரம் ஆக ஆக அந்தப் பலகையை எப்படிப் பார்த்திருப்பேன் என்று உங்கள் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கடைசியில் மேஜை துடைக்க வந்த பெண்மணி ஒருவர், நான் ஒன்றும் கேட்காமலே மேஜையை இழுத்து ஒதுக்கிவிட்டு, பக்கத்தில் வந்து நின்று தோளைக் கொடுத்தார்.

இதில் யார் தவறு என்று தேடினால் ஒருவரும் அகப்பட மாட்டார்கள். விமான நிறுவனங்கள் எங்களைப் போன்றவர்களைக் குறியீடுகளால் பிரிக்கின்றன. படியேற முடியும், நீண்ட தூரம் நடக்கத்தான் முடியாது என்றால் டபிள்யூ.சி.எச்.ஆர். படியும் ஏற முடியாதென்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். விமானத்துக்குள் இருக்கை வரையிலும் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவர் டபிள்யூ.சி.எச்.சி. என் சீட்டில் இருப்பது முதலாவது. அதைப் பார்ப்பவர்கள், ஆள் ஓரளவு நடப்பார், உட்கார வைத்துவிட்டால் போதும் என்று முடிவு கட்டுகிறார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து இவரால் எழ முடியுமா என்று கேட்கிற குறியீடு அந்த மூன்றில் ஒன்றுமில்லை.

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டின் விமானப் பயண அணுகல் சட்டத்தின் கீழ் ஒரு விதி இருக்கிறது: உதவி கேட்ட பயணியை, அவரால் தானாக நகர்த்த முடியாத சக்கர நாற்காலியில் 30 நிமிடத்துக்கு மேல் கவனிப்பாரில்லாமல் விடக்கூடாது. நல்ல விதி. ஆனால் அதே பயணியை நாற்காலியிலிருந்து இறக்கி சோபாவில் உட்கார வைத்துவிட்டால்? அவர் பார்வைக்கு மற்றவர்களைப் போல ஓய்வெடுக்கும் ஒரு விருந்தாளி. கடிகாரம் நின்றுவிடுகிறது. அதே நாட்டின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தரங்கள், சக்கர நாற்காலிக்காரர்களுக்கான கழிப்பறையில் இருக்கையின் உயரம் 17 முதல் 19 அங்குலம் இருக்க வேண்டும் என்றும், கதவுத் திறப்பு குறைந்தது 32 அங்குலம் வேண்டும் என்றும் அங்குலம் அங்குலமாகச் சொல்கின்றன. கழிப்பறையை அளந்தவர்கள் அங்கே போவதற்கு எழ வேண்டிய சோபாவை அளக்காமல் விட்டுவிட்டார்கள்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. நிமிர்ந்த முதுகு, உறுதியான மரக் கைப்பிடி, ஏறக்குறைய 18 அங்குல உயரம். இப்படிப்பட்ட சாதாரண நாற்காலிகள் லவுஞ்சின் எல்லாப் பகுதியிலும் நான்கைந்து கிடக்கட்டும். பெட்டிகள் அடுக்கும் மூலையில் ஒதுக்குப்புறமாகச் சின்னம் ஒட்டிப் போட்டுவைக்க வேண்டாம். ஜன்னல் எங்களுக்கும் பிடிக்கும். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்களிடம் முழங்காலைவிடத் தாழ்ந்த இடத்தில் உட்காராதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்லி அனுப்புவதுண்டு. அவர்களும் நிறைமாதக் கர்ப்பிணிகளும் அந்த நாற்காலியைத்தான் தேடுவார்கள்.

அதைவிட முக்கியம், சக்கர நாற்காலி ஆளோடு இருக்க வேண்டும். முதுகுத்தண்டு அடிபட்ட என் நண்பர் ஒருவர் லவுஞ்சுக்கே போவதில்லை. அவருடைய நாற்காலியில், உட்கார்ந்தே இருப்பதால் அழுந்திப் புண் வராமல் காக்கும் தனி மெத்தை உண்டு. செக்-இன் செய்யும்போதே அந்த நாற்காலியை வாங்கி சரக்கோடு அனுப்பிவிட்டால், மிச்ச நேரமெல்லாம் நிலையத்தாரின் தட்டை இருக்கைதான். விமானத்தின் கதவு வரை என் நாற்காலியிலேயே வருகிறேன் என்று அவர் ஒவ்வொரு முறையும் வாதாட வேண்டியிருக்கிறது. காலில் உணர்ச்சி இல்லாதவருக்குப் புண் வந்தாலும் உடனே தெரியாது. மாதக்கணக்கில் படுக்கையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

சாப்பாட்டு மேஜை தனிக் கூத்து. ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் தட்டு. கரண்டியை எதால் எடுப்பது? கொதிக்கக் கொதிக்கக் காபி வாங்கிக்கொண்டு நான் நடக்கிறபோது எனக்கு எதிரே வருபவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! ஒரு பணியாளர் வந்து "என்ன வேண்டும்?" என்று கேட்டால் தீர்ந்தது.

கழிப்பறை பற்றிச் சுருக்கமாக: அகலமான கழிப்பறை இருக்கிறது என்று எழுதி வைத்தால் மட்டும் போதாது. அதற்குள் துடைப்பமும் வாளியும் வைக்கக்கூடாது. ஆபத்துக்கு இழுக்கும் சிவப்புக் கயிறு தரைவரை தொங்க வேண்டும். துடைக்க இடைஞ்சல் என்று அதை மேலே முடிந்து வைத்திருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருக்கிறேன். விழுந்து கிடப்பவர் அதை எட்டுவது எப்படி?

இதையெல்லாம் சொன்னால், லவுஞ்ச் என்பது தனியார் தரும் சொகுசு, உரிமை பேசும் இடமா என்று சிலர் கேட்கிறார்கள். 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு இதற்கு இடம் வைக்கவில்லை. பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட வசதியை நடத்துவது தனியாராக இருந்தாலும், அது எல்லோரும் அணுகும்படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது உடன்படிக்கையில் சேர்ந்த அரசுகளின் பொறுப்பு.

உங்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை லவுஞ்ச்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும்போது கட்டுரையாளர் கையில் ஒரு அளவு நாடாவும் கொடுத்தனுப்புங்கள். இருக்கையின் உயரம் எத்தனை அங்குலம், அங்கிருந்து கழிப்பறை எத்தனை அடி, சிவப்புக் கயிறு தரையைத் தொடுகிறதா – இந்த மூன்றையும் அட்டவணையில் சேர்த்தால் என்னைப் போன்றவர்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பையில் வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஊன்றுகோலோடு பயணம் செய்யும் ஒரு வாசகன்