ஏஐ பயன்பாட்டு விதிகள்: திங்கள் முதல் கட்டாயம்

வணக்கம். சாட்ஜிபிடி, ஜெமினி எதுவானாலும் அலுவலக வேலைக்கு நிறுவனக் கணக்கு மட்டும்தான். சொந்த ஜிமெயில் வேண்டாம். இலவசக் கணக்கில் இடுவது மாடலின் பயிற்சிக்குப் போகலாம். சாம்சங் ஊழியர்கள் சோர்ஸ் கோடை (மென்பொருளின் மூல நிரலை) சாட்ஜிபிடியில் ஒட்டியதால் 2023-இல் அங்கே இத்தகைய கருவிகளுக்கே தடை வந்தது.

ஒட்டும் முன் பெயர், போன் நம்பர், ஆதார், பான், சம்பளம், ஏபிஐ கீ (மென்பொருள் சேவையை அணுகும் ரகசியக் குறியீடு) எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பலர் கோட்டை விடுவது எக்செலில்: ஹைட் செய்த நெடுவரிசையும் ஃபைலோடு சேர்ந்தே போகும். அதை டெலிட் செய்து, வேறு பெயரில் சேமித்து ஏற்றுங்கள்.

எச்ஆர் கவனத்துக்கு: ஏஐ சொன்னதை மட்டும் வைத்து யாரையும் நிராகரிக்கக் கூடாது. பெரும்பாலும் ஆண்களுடைய பழைய விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய அமேசானின் கருவி, பெண்களைக் கீழே தள்ளியது, அதைக் கைவிட்டார்கள். கழித்த ரெஸ்யூமே ஒவ்வொன்றையும் ஒருவர் படித்து, காரணத்தைத் தன் பெயரோடு பதிய வேண்டும்.

வாடிக்கையாளரிடம் நம் சாட்பாட் சொல்வதற்கு நாமே பொறுப்பு. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் ஒரு பயணியிடம் ரீஃபண்ட் பற்றித் தவறாகச் சொன்னது; நிறுவனம் பொறுப்பை மறுத்துப் பார்த்தும் 2024-இல் இழப்பீடு தர உத்தரவானது. ரீஃபண்ட் கேள்விகளை நேராக ஆளிடம் திருப்புங்கள்.

தவறி எதையாவது ஒட்டிவிட்டால் அந்த உரையாடலை அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அன்றே ஐடி டெஸ்க்கிடம் சொல்லுங்கள். சொன்னால் திட்டு விழாது, மறைத்தால் விழும்.