ஏழாவது நகல்

எங்கள் தோழி கொடுத்த பாலியல் துன்புறுத்தல் புகாரின் விசாரணை அறிக்கை நேற்று மாலை கைக்கு வந்தது. என்ன நடந்தது என்று தெரிந்தவர்களுக்குத்தான் இந்த மடல். தெரியாதவர்கள் தயவுசெய்து கேட்க வேண்டாம். புகார் கொடுத்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யார் என்பதையும் விசாரணையில் என்ன நடந்தது என்பதையும் வெளியிடக் கூடாது என்கிறது பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அந்தத் தடை எங்கள் தோழியைக் காக்கிறது. அதனால் பல்கலைக்கழகத்தின் பெயரோ துறையின் பெயரோ இங்கே வராது.

முதல் நன்றி, டெல்லி கரோல் பாகில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அக்காவுக்கு.

அக்கா, புகாரை அச்செடுக்க நாங்கள் வந்த அன்றைக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டீர்கள். தமிழில் பேசிக்கொண்டதைக் கேட்டு மறுபடி ஏற்றினீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா என்றதற்கு, "வேண்டாம்மா. கடை நம்பருக்கு வந்தா இந்தக் கம்ப்யூட்டர்லயே தங்கிடும். காலைல பையன் வந்து தொறப்பான். பென்டிரைவ்ல குடுங்க" என்றீர்கள்.

தலைப்பைத் தவிர நீங்கள் எதையும் படிக்கவில்லை. மெஷினிலிருந்து வந்த தாள்களை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி கவிழ்த்து அடுக்கினீர்கள். சிக்கிக் கசங்கிய நான்கு தாள்களைக் கூடையில் போடாமல் எங்களிடமே தந்தீர்கள். வீணான தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதுவது எந்தக் கடையிலும் வழக்கம்தான், அப்படித்தான் ஒரு பெண் எழுதிக் கொடுத்தது ஊர் சுற்றும் என்றீர்கள்.

தீஸ் ஹசாரி நீதிமன்ற வக்கீல்களுக்கு வருடக்கணக்கில் மனு டைப் அடித்த கை உங்களுடையது. ஸ்கிரீன்ஷாட்டுகள் கறுப்பாக இறங்கியதும் மெஷினை நிறுத்திவிட்டீர்கள். போனில் டார்க் மோடு இருந்தால் அச்சில் மை அப்பிக்கொள்ளும், அதை அலுவலகத்தில் ஸ்கேன் செய்தால் ஓர் எழுத்தும் தேறாது. பிறகு, தாளைப் பார்க்காமலே கேள்வி கேட்டீர்கள். "மேல தேதி இருக்கா, நேத்து, திங்கள்கிழமைன்னு இருக்கா?" புதிய செய்திகளுக்கு வாட்ஸ்அப் கிழமையைத்தான் காட்டும். ஒரு வாரம் கழிந்தால்தான் தேதி வரும். "பேரு மட்டும் தெரியுதா, நம்பரும் தெரியுதா?" பெயரை யாரும் எப்படியும் சேமித்துக்கொள்ளலாமே! எண் தெரியும் பக்கத்தையும் சேர்த்து மறுபடி படம் எடுத்தோம். பழையவற்றைப் போனிலிருந்து அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னீர்கள். பின்னால் காவல் நிலையம், நீதிமன்றம் என்று போக வேண்டி வந்தால் மூலம் அதில்தான் இருக்கிறது.

நிகழ்வுப் பட்டியலில் ஒரு வரிக்கு ஒரு நிகழ்வு. தேதி, நேரம், இடம், பக்கத்தில் இருந்தவர், அதற்கான பக்க எண். அவ்வளவுதான். கோபத்தையும் விளக்கத்தையும் தனியாக எழுதச் சொன்னீர்கள். கடைசி நிகழ்வின் தேதியில் கோடு போடச் சொன்னதன் காரணம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை. தொடர்ச்சியாக நடந்திருந்தால், புகார் கொடுப்பதற்கான மூன்று மாதக் கெடு அந்தக் கடைசித் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.

மொத்தம் 31 பக்கம். எண்ணை முதலில் மூலத்தில் போட்டுவிட்டுத்தான் நகல் எடுத்தீர்கள், தாளின் ஒரு புறம் மட்டும். சட்டத்தோடு வந்த 2013 விதிகள் ஆறு நகல் கேட்கின்றன. நீங்கள் ஏழு போட்டீர்கள். "ஏழாவது குடுக்கறதுக்கு இல்லம்மா. சீல் வாங்கறதுக்கு."

அந்தச் சீலுக்காகவே இதை எழுதுகிறேன். வைத்துவிட்டுப் போங்கள், அப்புறம் போடுகிறோம் என்றுதான் புகார் கொடுத்த அலுவலகத்தில் சொன்னார்கள். தேதியும் வரவு எண்ணும் கையெழுத்தும் ஏழாவது நகலில் விழும்வரை நாங்கள் நகரவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூ.ஜி.சி.) 2015 ஒழுங்குமுறைப்படி ஏழு நாளுக்குள் எதிர்த்தரப்புக்கு நகல் போக வேண்டும், 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். புகார் என்றைக்கு வந்தது என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் இந்த நாள்களை எங்கிருந்து எண்ணுவது?

நீங்கள் கடைசியாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். டெஸ்க்டாப்பிலிருந்து கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னைக் காலி செய்து, பிரிண்டர் வரிசையில் ஏதும் நிற்கவில்லை என்று திரையைத் திருப்பி எங்கள் தோழியிடமே காட்டினீர்கள். அவள் அதுவரை அழவில்லை.

பெண்ணிய வரலாறு எங்களில் பலருக்கு ஆய்வுப் பொருள். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த 1997 விசாகா தீர்ப்பைப் பற்றி எத்தனை கட்டுரை! அதன் பின்னால் ராஜஸ்தானத்துக் கிராமத்தில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போன பன்வாரி தேவி இருக்கிறார். 1992-இல் அவருக்கு நேர்ந்த கொடுமையில், குற்றம் சாட்டப்பட்டவர்களை 1995-இல் கீழ் நீதிமன்றம் பாலியல் வன்முறைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. அவருக்குக் கிடைக்காத நீதியின் பேரில்தான் எங்களுக்குப் புகாரை விசாரிக்கும் இந்தக் குழுக்கள் கிடைத்தன. அந்த உரிமையை யாரோ தாளில் ஏற்றி, எண்ணிட்டு, சீல் வாங்கித்தான் கையில் பிடிக்க முடிகிறது என்று எந்தக் கருத்தரங்கிலும் நான் கேட்டதில்லை.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து: எதிர்த்தரப்பு எங்கள் தோழியின் ஆய்வை மதிப்பிடக் கூடாது என்ற இடைக்கால நிவாரணத்தைத் தனித்தாளில் கேட்க வைத்த பேராசிரியைக்கு; அரையாண்டு ஆய்வு முன்னேற்றக் கூட்டத்துக்கு முன்பே அந்த உத்தரவு வந்துவிட்டது. "சமாதானமாகப் போய்விடலாமே" என்று வந்தவர்களிடம், சமரசம் பெண்ணே கேட்டால்தான் உண்டு, அதிலும் பணம் பேசக் கூடாது என்று அதே சட்டத்தின் 10-ஆவது பிரிவை வாசித்துக் காட்டிய விடுதித் தோழிகளுக்கு. சாட்சி சொன்ன இருவருக்கு. இரவு ரயிலில் சென்னையிலிருந்து கிளம்பி வந்த அவளுடைய அத்தைக்கு, அவர் கொண்டுவந்த புளிக்காய்ச்சலுக்கு.

புதிதாகச் சேரும் மாணவிகளுக்கு முதல் வாரத்திலேயே இதையெல்லாம் உட்கார்ந்து சொல்லித் தருவது என்று முடிவு செய்திருக்கிறோம். டார்க் மோடிலிருந்து தொடங்குவோம்.

அக்கா, அவள் இரண்டாம் இயலுக்குத் திரும்பிவிட்டாள். ஆய்வேடு முடிந்ததும் நகல் எடுக்க உங்களிடம்தான் வருவோம். அந்தத் தாள்களைக் கவிழ்த்து அடுக்க வேண்டாம்.