கோடை விழாவில் தட்டிப் பார்க்க ஓர் இடம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய ஏற்காடு கோடை விழாக் குழுவினருக்கு,

வணக்கம். நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். தாளம் தட்டிப் பிழைப்பவன். இப்போதெல்லாம் தட்டுவதைவிடத் தட்டுவதற்கான பொருள்களைச் செய்வதில்தான் நேரம் போகிறது. அடுத்த கோடை விழாவில் 40 அடிக்கு 40 அடி இடம் கேட்டு இதை எழுதுகிறேன். மேடை வேண்டாம், மின்சாரம் வேண்டாம். என் கருவிகளை அங்கே வைப்பேன், வருகிறவர்கள் தட்டுவார்கள். சுற்றிக் கயிறு கட்டக் கூடாது, 'தொடாதீர்கள்' என்று பலகை வைக்கக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனைக்காகத்தான் மடல் நீளமாகிறது.

எனக்குக் குரு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, அப்படி அமைந்துவிட்டது. எங்கள் தெருவில் கொலுசுப் பட்டறைகள் அதிகம். அம்மா வீட்டிலேயே உட்கார்ந்து கொலுசுக்கு மணி கோப்பார். மணிகளை ஒவ்வொன்றாகக் குலுக்கி, ஊமை மணியைப் பொறுக்கித் தள்ளுவது என் வேலை. பரல் சிக்கியிருக்கிறதா, ஒட்டவைக்கும் பற்றாசு உள்ளே ஓடிவிட்டதா என்று காதுக்கே தெரிந்துவிடும். பத்து வயதில் பழகிய அந்தக் காதைத்தான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குப் பம்பைக்காரர்கள் பின்னாலேயே சுற்றுவேன். கேட்டதை வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் பக்கெட்டில் தட்டிப் பார்ப்பேன். அப்புறம் ஒரு மெல்லிசைக் குழுவில் தும்பா, பாங்கோஸ். கல்யாண சீசனில் கை வீங்கும் அளவுக்கு வேலை இருந்தது. ஆக்டோபேட் என்னும் மின்னணுத் தாளப் பெட்டி வந்ததும் நான்கு பேர் செய்ததை ஒருவர் செய்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தப் பெட்டிக்குள் நூறு சத்தம் இருந்தது, என் கையில் நாலுதான் இருந்தது. சரி, பெட்டிக்குள் இல்லாத ஒரு சத்தத்தைத் தேடுவோம் என்று காயலான் கடைக்குப் போனேன்.

கைப்பிடிக் கம்பி போடும் பட்டறைகளில் மிஞ்சுகிற எவர்சில்வர் குழாய்த் துண்டுகள் அங்கே எடைக்குக் கிடைக்கும். ஒரு மீட்டர்க் குழாயைப் பாதியாக வெட்டினால் மேல் ஸ்தாயி, அதாவது கீழ் ஸ-வுக்கு அடுத்த மேல் ஸ, வரும் என்று நினைத்தேன். தந்திக்கு அது சரி. தட்டுகிற குழாயோ இரண்டு ஸ்தாயி ஏறி உட்கார்ந்துகொண்டது. ஒரு ஸ்தாயி மட்டும் ஏற வேண்டுமானால் 70 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். இதைக் கண்டுபிடிப்பதற்குள் பதினோரு குழாய் வீணாயிற்று. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஒழுங்காகப் படித்தவன் கால் மணி நேரத்தில் கணக்குப் போட்டிருப்பான் என்று பின்னால் ஒருவர் சொன்னார். உண்மைதான். ஆனால் அந்தப் பதினொன்றும் இன்று குரங்கு விரட்டப் பயன்படுகின்றன.

இன்னொரு சிக்கல், குழாயை எங்கே கட்டித் தொங்கவிடுவது என்பது. நுனியில் கட்டினால் சத்தம் செத்துவிடும். நடுவில் கட்டினாலும் அப்படியே. பட்டைக் கம்பியின் மேல் உப்பைத் தூவித் தட்டினால், உப்பு துள்ளித் துள்ளி இரண்டு கோடுகளில் போய்ச் சேரும். கம்பி அசையாத இடம் அதுதான். அளந்தால் ஒவ்வொரு முனையிலிருந்தும் நீளத்தில் 22.4 சதவீதம். குழாய்க்கும் அதே கணக்கு. அந்த இரண்டு இடத்தில் கட்டித் தட்டியபோது சத்தம் அடங்கவே மாட்டேன் என்றது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கோயில் மணி வாங்கிட்டு வந்துட்டியா?" என்றார்.

ஏற்காட்டுக்கு வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவர் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறார். அவர் கேட்டுக்கொடுத்து, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு மூலை கிடைத்தது. முதலில் தோல் கருவிகளைக் கொண்டுபோனேன். பனி இறங்கியதும் தோல் தொய்ந்துபோனது. பறைக்காரர்கள் தீ மூட்டிக் காய்ச்சிக்கொள்வார்கள். தோட்டத்தில் விட்டுவிட்டு வருகிற கருவிக்கு யார் தீ மூட்டுவது? அதனால் உலோகம், கல், தண்ணீர் என்று மாறினேன். கூரை விளிம்பில் சொட்டும் இடங்களில் வெவ்வேறு அளவு தண்ணீரோடு கிண்ணங்களை வைத்தேன். ஜலதரங்கம் மாதிரிதான், தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும். மழை பெய்யப் பெய்யக் கிண்ணம் நிறைந்து, வாசிப்பு தானாகவே கீழே இறங்கிக்கொண்டே போகும். மழை நின்ற பிறகும் கொஞ்ச நேரம் தொடரும். நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது அதுதான், அதில் நான் தட்டவே இல்லை.

கல்லுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. சேர்வராயன் மலையே சார்னோகைட் என்னும் கருங்கல். (கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து வந்த பெயர் அது.) ஸ்தபதிகள் கல்லைத் தட்டிப் பார்த்துத்தான் எடுப்பார்கள், நானும் உடைந்த வேலிக்கல்லில் அதையே செய்தேன். விரிசல் இல்லாதது 'ணங்' என்கும், விரிந்தது 'பொத்' என்கும்.

இனி அந்தக் கயிறு. வேறொரு ஊரில், பெயர் வேண்டாம், ஒரு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். மாலை, சால்வை எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆனால் கருவிகளைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டிவிட்டார்கள். மூன்று நாளும் மக்கள் குழாய்களுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தார்கள். அவை என்ன சத்தம் போடும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு சிறுவன் மட்டும் கயிற்றுக்கு அடியில் புகுந்து ஒரே ஒரு அடி அடித்தான். அவனை இழுத்துக்கொண்டு போனார்கள். அவனிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அமெரிக்காவில் மாக்ஸ் நியூஹவுஸ் என்று ஒருவர் இருந்தார். அவரும் தாளக்காரர்தான். மேடையை விட்டுவிட்டு, 1977இல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் நடைபாதைக் கம்பி வலைக்கு அடியில் ஒரு ரீங்காரத்தை வைத்தார். பலகை எதுவும் கிடையாது. கடந்து போகிறவர்கள் தாங்களே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்ளட்டும் என்பது அவர் எண்ணம். குரோவேஷியாவின் ஸாதர் நகரில் 2005 முதல் கடற்கரைப் படிகளுக்கு அடியில் இருக்கும் 35 குழாய்களை அலைகளே ஊதுகின்றன. அவ்வளவு தூரம் எதற்கு? நெல்லையப்பர் கோவில் இசைத்தூண் நம்முடையதுதானே.

ஹம்பி விட்டலர் கோவில் தூண்களைத் தட்டக் கூடாது என்று தடை இருக்கிறதே என்பீர்கள். நியாயமான தடை. அது பழைய கல், ஒன்று போனால் இன்னொன்று கிடையாது. என்னுடையது காயலான் கடைக் குழாய். நெளிந்தால் வேறு வெட்டிக்கொள்வேன்.

மலர்க் கண்காட்சிக்கு இடைஞ்சல் வராது. குச்சி முனையில் சைக்கிள் டியூப் சுற்றியிருப்பேன், சத்தம் மெத்தென்று இருக்கும். முடிந்தால் ஒலிபெருக்கிக் கம்பத்திலிருந்து தள்ளியுள்ள இடமாகப் பாருங்கள். நாய்க் கண்காட்சி நடக்கும் இடத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம். குழாய்ச் சத்தத்துக்கு நாய்கள் பதில் சொல்லும், அனுபவம் உண்டு. விழா நாள்கள் முழுக்க நானே அங்கே இருந்து பார்த்துக்கொள்கிறேன். யாருக்காவது கை நசுங்குமோ என்று பயமாக இருந்தால், உங்கள் பொறியாளர் ஒருவர் முன்கூட்டியே வந்து ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்க்கட்டும்.

தேதி முடிவானதும் சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் குழாய்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் கட்ட எனக்கு இரண்டு நாள் தேவைப்படும். வண்டி நண்பருடையது, வாடகை வேண்டாம்.

இப்படிக்கு,
செவ்வாய்ப்பேட்டைத் தாளக்காரன்