முகப்புத் தூணில் குளவிக்கூடு

கானாடுகாத்தான்,
மார்கழி 12

அன்புள்ள வள்ளிக்கு,

ஆத்தா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். ஏழாம் மாதம் நடக்கிறது, கால் வீக்கம் குறைந்ததா?

பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. முகப்புத் தேக்குத் தூணின் உச்சியில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. நான் பார்ப்பதற்குள் சுரண்டியால் ஒரு தட்டு, ஓர் அறை உடைந்து விழுந்துவிட்டது. மீதியைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று உன் அப்பத்தா சொல்வார்களே!

உடைந்ததைத் தாம்பாளத்தில் வைத்துப் பார்த்தேன். உள்ளே குட்டிக் குட்டியாக 11 சிலந்திகள். செத்தவை என்றுதான் நினைத்தேன். ஈர்க்குச்சியால் தொட்டதும் ஒன்றின் கால் துடித்தது. குளவி அவற்றைக் கொட்டி முடக்கித்தான் போடுகிறது, கொல்வதில்லை. கொன்றால் அழுகிவிடும். முடங்கிக் கிடந்தால் குஞ்சுப் புழு தின்று முடிக்கும்வரை கெடாது. ஒரு சிலந்தியின் வயிற்றில் நொய்யரிசி போல முட்டை ஒட்டியிருந்தது.

'கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்' என்பார்கள். சில குளவிகள் சிலந்திக்குப் பதில் பச்சைப் புழுவை அடைக்கும். புழு உள்ளே போனதையும் குளவி வெளியே வந்ததையும் பார்த்துச் சொன்னதாக இருக்கும். உண்மையில் அந்தப் புழு, குளவிக் குஞ்சுக்கு இரை.

கிணற்றடி ஈரத்தில்தான் அது மண் எடுக்கிறது. மிளகளவு உருண்டையைக் கவ்விக்கொண்டு வந்து, 'ஙொய்'யென்று இரைந்துகொண்டே பூசும். அந்த அதிர்வில்தான் மண் இளகிப் படிகிறது. நம் சுவருக்குக் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் வேண்டியிருந்தது, இதற்கு மண்ணும் தண்ணீரும் போதும்.

பின்கட்டு மாமரத்தில் இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பும் இருக்கிறது. வளர்ந்த எறும்புக்கு நூல் வராது. நூல் விடும் தன் புழுவை வாயில் பிடித்து, கண்டாங்கி நெய்கிறவர் நாடா ஓட்டுகிற மாதிரி இலைக்கு இலை ஓட்டித் தைக்கிறது. அப்புறம் போனில் சொல்கிறேன்.

அறையை மூடியபின் தாய்க் குளவி அதைத் திறந்து பார்ப்பதில்லை. பிள்ளை தானே மண்ணைக் கடித்து ஓட்டை போட்டுத் தனியாக வெளியே வரும். அதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

தை கடைசியில் டிக்கெட் போட்டாயிற்று. கிளம்புவதற்குள் கூட்டில் ஓட்டை விழுந்தால் படம் எடுத்து வருகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு கண்ணு.

உன் ஆத்தா