பதக்கத்தோடு நின்றுவிட்ட கட்டுரை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் நினைவு நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த சார்ஜென்ட் டாமி பிரின்ஸ் பற்றிய கட்டுரையைப் படித்தேன். கனடாவின் மானிட்டோபா மாகாணத்து ஓஜிப்வே பூர்வகுடியில் பிறந்த இரண்டாம் உலகப் போர் வீரரைத் தமிழில் எழுதத் துணிந்ததற்கு நன்றி. ஆனால் 1945 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பக்கிங்ஹாம் அரண்மனையில் பதக்கம் அணிவித்ததைச் சொன்ன கையோடு, "பின்னர் வறுமையில் 1977இல் இறந்தார்" என்று முடித்துவிட்டீர்கள். முப்பத்திரண்டு ஆண்டுகளை ஒரே வாக்கியத்தில் அடக்கியது நியாயமில்லை.

போர்க்களத்தைச் சொல்வதில்கூட ஒரு குறை. இத்தாலியின் அன்சியோவில் நடந்த நிகழ்ச்சியை "எதிரிகளை ஏமாற்றினார்" என்று கடந்துபோனது எப்படி? 1944 பிப்ரவரியில், ஜெர்மானியர் நிலைகளிலிருந்து ஏறத்தாழ இருநூறு மீட்டரில், கைவிடப்பட்ட ஒரு பண்ணை வீட்டில் இருந்துகொண்டு தொலைபேசியில் பீரங்கிப் படைக்கு இலக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு விழுந்து கம்பி அறுந்தது. அங்கே கிடந்த உழவர் உடையை மாட்டிக்கொண்டு, மண்வெட்டியோடு பட்டப்பகலில் வெளியே வந்து, களை கொத்துபவர்போலக் கம்பி வழியே நடந்தார். அறுந்த இடத்தில் காலணிக் கயிறு கட்டுவதுபோலக் குனிந்து இணைத்தார். அதோடு விட்டாரா? பயிரைப் பாழாக்கிவிட்டீர்களே என்று இரு தரப்புப் படைகளையும் பார்த்துக் கையை ஓங்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் போனார். அன்று நான்கு ஜெர்மானியப் பீரங்கி நிலைகள் அழிந்தன.

இத்தகைய மனிதர் ஊர் திரும்பியதும் என்ன செய்தார்? ஒரு வேனை வைத்துத் துப்புரவுத் தொழில் தொடங்கினார். 1946 டிசம்பரில் மானிட்டோபா இந்தியர் சங்கம் (கனடாவில் அப்போது பூர்வகுடிகளை 'இந்தியர்' என்றே அழைத்தார்கள்) அவரைத் தன் சார்பில் பேசத் தேர்ந்தெடுத்தது. தொழிலை நண்பர்களிடம் ஒப்படைத்துவிட்டு, 1947இல் தலைநகர் ஒட்டாவாவில் நாடாளுமன்ற இரு அவைகளின் சிறப்புக் கூட்டுக்குழு முன் சாட்சி சொல்லப் போனார். பூர்வகுடிகளை ஆளும் இந்தியர் சட்டத்தையே நீக்குங்கள், எங்கள் முன்னோரோடு செய்த உடன்படிக்கைகளை மதியுங்கள் என்பதே அவர் வாதம்.

அந்தச் சட்டம் எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். 1927 முதல் அதில் 141ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. நில உரிமைக் கோரிக்கைக்காகப் பூர்வகுடிகள் அரசின் அனுமதியின்றிப் பணம் திரட்டுவது குற்றம். ஆகவே வக்கீல் வைக்கவும் வழியில்லை. கொலைக் குற்றவாளிக்குக்கூட வக்கீல் உண்டு! நாஜிகளை எதிர்த்துப் போரிட்டுப் பதக்கம் வாங்கியவர் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வாழ்ந்தார். போருக்குப் போன பூர்வகுடியினருக்கும் அவர்கள் துணைவியருக்கும் 1944இல் கூட்டாட்சித் தேர்தலில் வாக்குரிமை கிடைத்தது. போருக்குப் போகாத அவர்களுடைய உறவினர் 1960 வரை காத்திருந்தார்கள்.

திரும்பிவந்த வீரர்களுக்கான நில உதவியிலும் இதே கதைதான். மற்ற வீரர்களுக்கு 6,000 டாலர் வரை கடன், அதில் 2,320 டாலர் தள்ளுபடி. பூர்வகுடிகளுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலத்தில் குடியேறிய பூர்வகுடி வீரருக்கு அதிகபட்சம் 2,320 டாலர் மட்டுமே. அதையும் இந்தியர் விவகார அதிகாரிகளே கையாண்டார்கள். 2002இல் அரசு ஆளுக்கு 20,000 டாலர் வழங்க முன்வந்தபோது, அதைப் பெறப் பலர் உயிரோடு இல்லை.

சட்டம் நீங்கவில்லை. 1951இல் திருத்தப்பட்டு 141ஆம் பிரிவு போன்ற சில கொடுமைகள் மட்டும் விலகின. ஒட்டாவாவிலிருந்து திரும்பிய பிரின்ஸுக்கோ வேன் நொறுங்கிக் கிடந்தது, தொழிலும் போயிற்று. 1950இல் மீண்டும் படையில் சேர்ந்து கொரியப் போருக்குப் போனார். ராணுவத்தில் கிடைத்த மதிப்பு ஊரில் கிடைக்காததே காரணம் என்று நினைக்கிறேன்.

கடைசிக் காலத்தில் வின்னிபெக்கில் சால்வேஷன் ஆர்மி என்ற கிறித்தவத் தொண்டு அமைப்பின் விடுதியில் தங்கியிருந்தார் என்பதும், பதக்கங்களை அடகு வைத்தார் என்பதும் உண்மைதான். 1955இல் இதே ஊரில் ஆற்றில் மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரைக் குதித்துக் காப்பாற்றியவரும் அவர்தான். அதை ஏனோ யாரும் எழுதுவதில்லை. அவருடைய பதக்கங்களை 2001இல் உறவினர்கள் நிதி திரட்டி ஏலத்தில் மீட்டார்கள். இப்போது மானிட்டோபா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

வின்னிபெக்கில் குடியேறிய எங்களைப் போன்ற தமிழர்கள் வீடு வாங்கியிருப்பது 1871இல் பூர்வகுடிகளோடு அரசு செய்த முதலாம் உடன்படிக்கையின் நிலத்தில். பிரின்ஸ் ஒட்டாவாவில் மதிக்கச் சொன்ன உடன்படிக்கைகளில் அதுவும் சேரும். ஆகவே ஒரு வேண்டுகோள்: 1947 கூட்டுக்குழுவின் சாட்சியப் பதிவுகள் அச்சில் வந்தவை. அவற்றில் பிரின்ஸ் பேசிய பகுதியைத் தமிழாக்கி, அடுத்த இதழ்களில் ஒன்றில் முழுமையாக வெளியிடுங்கள்.

தங்கள் வாசகர்,
வின்னிபெக், மானிட்டோபா