‘ஓரிரு இடங்களில்’ என்பதை வெட்டாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் ‘பொய்த்தது ரெட் அலர்ட்’ என்று எட்டுப் பத்தித் தலைப்பு வந்தது. அதே இதழின் உள்பக்கத்தில் மழையளவுப் பட்டியலும் இருந்தது. எச்சரிக்கை விடப்பட்ட மாவட்டத்தில் இரண்டு ஊர்களில் 21 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பதிவாகியிருந்ததை அந்தப் பட்டியலே சொன்னது. வானிலை ஆய்வு மையம் சொன்னதும் ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ என்றுதான். முந்தைய நாள் செய்தியில் ‘ஓரிரு இடங்களில்’ என்பதை வெட்டிவிட்டு, மாவட்டம் முழுக்கக் கொட்டும் என்று எழுதியது தங்கள் நாளிதழ். தலைப்பு பொய்த்ததற்கு எச்சரிக்கையைக் குற்றம் சொல்வது நியாயமா?

அறிக்கையில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் அளவு உண்டு என்பது தாங்கள் அறியாததல்ல. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் அதிகபட்சம் நூற்றுக்கு 25. ஒருசில இடங்கள் என்றால் 26 முதல் 50 வரை. இரண்டும் ஒன்றல்ல, ஆனால் அச்சில் இரண்டும் ‘பரவலாக’ என்று ஆகிவிடுகின்றன. கனமழை என்பது 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 மி.மீ. வரை. 204.4 மி.மீ. வரை மிக கனமழை. அதையும் தாண்டினால்தான் அதி கனமழை. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 20 செ.மீ. மழை பெய்தால் சுமார் 18,500 லிட்டர் தண்ணீர் இறங்கும். இப்படி ஒரு வரி போட்டால், வடிகுழாயில் அடைத்த சருகை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றும். ‘வெளுத்து வாங்கும்’ என்று எழுதினால் எதுவும் தோன்றாது.

நாள் கணக்கிலும் இதே குழப்பம்தான். வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. செவ்வாய்க்கிழமைக்கான எச்சரிக்கை, புதன் விடியற்காலை மூன்று மணி மழையையும் சேர்த்தது. செவ்வாய் மாலை வெயிலடித்ததைப் படம் பிடித்து ‘எங்கே மழை?’ என்று கேட்டால், அன்றிரவு தாழ்வான தெருவில் இருப்பவர் பொருட்களை மேலே ஏற்றாமல் தூங்கிவிடுவார்.

மஞ்சள் கவனித்திருக்க, ஆரஞ்சு தயாராக இருக்க, சிவப்பு நடவடிக்கையில் இறங்க. மோட்டாரும் படகும் முகாமும் எங்கே வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுக்க உதவும் நிறங்கள் இவை. இவற்றை ஊடகங்கள் பயமுறுத்தும் நிறங்களாக்கிவிட்டன. 2024 அக்டோபரில் சென்னை வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் கேலிப் பொருளானார்கள். 2015-லும் 2023-லும் வண்டியைத் தண்ணீருக்குக் கொடுத்த ஊர் அது. அவர்கள் செய்ததில் என்ன பிழை?

புயல் செய்தி இன்னும் மோசம். ‘கரையைக் கடப்பது எங்கே’ என்பது மட்டுமே கேள்வி என்று இத்தனை ஆண்டுகளாக வாசகர்களைப் பழக்கிவிட்டீர்கள். கரையைக் கடப்பது புயலின் மையம். மழை மேகம் அதிலிருந்து பல நூறு கிலோமீட்டர் பரந்து கிடக்கும். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையேறியது. சென்னை அதற்கு முந்தைய நாளே மூழ்கிவிட்டது. அதே மாதம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தபோது புயலே கிடையாது. வளிமண்டலக் கீழடுக்குச் சுழற்சிதான். பெயர் சூட்டிய புயல் வந்தால்தான் ஆபத்து என்ற நினைப்பை மக்கள் மனதில் விதைத்தது யார்? 2024-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறிய பின்பும் மழை ஓயவில்லை. உள்ளே கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வரை வெள்ளத்தில் தவித்தது. ‘புயல் கடந்தது’ என்பதை ‘ஆபத்து நீங்கியது’ என்று படிக்கும்படி எழுதுவதை எப்போது நிறுத்துவீர்கள்?

காற்றின் வேகத்திலும் கைவைக்கிறீர்கள். ‘மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65 கி.மீ.’ என்று அறிக்கை சொன்னால் தலைப்பில் 65 மட்டும் நிற்கிறது. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கப்பல்களுக்கான குறி. முதல் எண் கூண்டுக்கு முதல் பக்கத்தில் படம் வருகிறது. ஆனால் அறிக்கையின் கடைசியில் இருக்கும் மீனவர் எச்சரிக்கை, எந்தத் தேதிகளில் எந்தக் கடற்பகுதிக்குப் போகக்கூடாது என்று சொல்லும் அந்தப் பத்தி, இடமில்லை என்று பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே விளம்பரம் முழுசாக இருக்கிறது. இது மிகவும் வலிக்கிறது ஐயா.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வடகிழக்குப் பருவமழை முடியும் வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நாள்தோறும் உள்ளங்கை அளவு ஒரு கட்டம் போடுங்கள். மாவட்டத்தின் பெயர், நிறம், எதிர்பார்க்கும் மழை எத்தனை செ.மீ. முதல் எத்தனை செ.மீ. வரை, ‘ஓரிரு’வா ‘ஒருசில’வா, அறிக்கை வெளியான நேரம். இரவில் அச்சேறும் நாளிதழில் மதிய அறிக்கை வந்திருந்தால், மதியம் என்றே போடுங்கள். மீனவர் பத்தியை வெட்டாமல் அந்தக் கட்டத்துக்கு அடியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர்.