குருட்டாட்டம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவ மாணவர்கள் ஆன்லைனில் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்வதைக் 'குருட்டாட்டம்' என்று தங்கள் கல்விப் பக்கக் கட்டுரை சொல்லிவிட்டது. மனம் மிகவும் புண்பட்டது.

பிரேக்கியல் பிளெக்சஸை, அதாவது கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புப் பின்னலை எடுத்துக்கொள்ளுங்கள். 150 பேர் உட்காரும் லெக்சர் ஹாலில், தண்டுவடத்தின் சி5 முதல் டி1 வரை ஐந்து நரம்பு வேர், மூன்று டிரங்க், ஆறு டிவிஷன், மூன்று கார்டு என்று ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். பிள்ளைகள் தடுக்கி விழுவது டிவிஷனில், அதாவது ஒவ்வொரு டிரங்கும் முன், பின் என இரண்டாகப் பிரியும் இடத்தில். பின்பக்கப் பிரிவுகள் மூன்றும் சேர்ந்துதான் போஸ்டீரியர் கார்டு ஆகிறது என்பது பிடிபடாவிட்டால், கையில் ஓடும் ரேடியல் நெர்வ் என்ற நரம்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் வைவா என்ற வாய்மொழித் தேர்வில் முழிக்க வேண்டியதுதான். போன வருடம் அதே இடத்தில் முழித்த சீனியருக்கு அது நன்றாக நினைவிருக்கும். அந்த சீனியர் ஆன்லைனில் ஆறு பேருக்கு மேல் சேர்க்காமல், போனை ஸ்டாண்டில் கவிழ்த்து வைத்து, வெள்ளைத்தாளில் கோடு கோடாக வரைந்து காட்டி, பிறகு ஒவ்வொருவரையும் பார்க்காமல் வரையச் சொன்னால் 40 நிமிடம் போதும். நாற்பது பேர் கேமராவை அணைத்துவிட்டு உட்கார, ஒருவர் ஸ்லைடை வாசிப்பது வீண். அதைச் சாடியிருந்தால் நானே பாராட்டியிருப்பேன்.

தவறு பரவாதா? பரவும். தப்பாகச் சொன்னது ரெக்கார்டிங்காகி, வாட்ஸ்அப்பில் அடுத்த பேட்ச் வரை போகும். அதனால்தான் ரெக்கார்டிங் வேண்டாம், சந்தேகங்களை எழுதிவைத்து வாரம் ஒருமுறை துறை ஆசிரியரிடம் சரிபாருங்கள், நோயாளியின் படமோ எக்ஸ்ரேயில் உள்ள பெயரோ திரையில் வரவே கூடாது என்று ஆசிரியர்களாகிய நாங்கள் அவர்களிடம் சொல்கிறோம்.

2020 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருகிறார்கள். சேர்க்கை நாளில் அவர்களை ஸ்டெதஸ்கோப்போடு படம் பிடித்துப் போடுகிறீர்கள். தமிழில் பயாலஜி படித்த பிள்ளை கல்லூரியின் முதல் இன்டர்னல் தேர்வில் தவிக்கும்போது எந்த நிருபரும் வருவதில்லை. முதலாண்டுத் தேர்வுக்கு நான்கே வாய்ப்பு என்பது தாங்கள் அறியாததா? "முழங்கை உள்பக்க மேட்டுக்குப் பின்னால ஓடுதுப்பா, இடிச்சா சுரீர்னு இழுக்குமே, அதான் அல்நார் நெர்வ்" என்று இரவில் உட்கார்ந்து தமிழில் புரியவைப்பது அந்த சீனியர்தான். கோச்சிங் சென்டர்களுக்குப் பக்கம் பக்கமாக விளம்பரம் போடும் இதழில், காசு வாங்காமல் சொல்லித்தருபவர்களுக்கு இந்தப் பட்டமா?

துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியர் வாரம் ஒரு மணி நேரம் இவர்களின் சந்தேகப் பட்டியலைப் பார்த்துத் தர வேண்டும். கிண்டியிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பார்வைக்குச் செல்லும்படி இதை நான்கு வரியிலாவது வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
அனாட்டமி ஆசிரியர் ஒருவர்,
கீழ்ப்பாக்கம், சென்னை – 10.